கோடிட்ட இடம்

1823 ஜூலை 28ஆம் தேதி லண்டனில் ஒரு நாடகம் அரங்கேறியது. ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டி இருந்த இங்கிலீஷ் ஆப்பரா ஹவுஸில், ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் எழுதிய நாடகம். ‘வரம்புமீறல், அல்லது ஃபிராங்கன்ஸ்டைனின் கதி’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நோட்டீஸில் ஒரு பக்கம் பாத்திரங்கள், எதிரே நடிகர்கள். ஃபிராங்கன்ஸ்டைனுக்கு எதிரே வாலக். வேலைக்காரன் ஃபிரிட்ஸுக்கு எதிரே கீலி. டி. பி. குக் என்ற நடிகரின் பெயருக்கு எதிரே மட்டும் பாத்திரத்தின் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத் தேர்வில் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று ஒரு கேள்வி வரும். இந்தக் கோட்டை இருநூறு வருஷமாக நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் நிரப்பி வருகிறார்கள், கோட்டுக்கு உரிய பிறவியிடம் கேட்காமலேயே. மேரி ஷெல்லி தன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், ஃபிராங்கன்ஸ்டைன் செய்த அந்தப் பிறவிக்கு நீண்ட பேச்சைக் கொடுத்திருந்தார். மேடை முதல் வேலையாக அதைப் பிடுங்கிக்கொண்டது. திரை அதைத் திருப்பித் தர வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பேச்சு எங்கே போயிற்று, எப்போது திரும்பி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மதுரையில் முப்பத்தோரு வருஷம் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் நான். மூன்று வயதாகியும் வாய் திறக்காத பிள்ளைகள், திக்குகிற இளைஞர்கள், பக்கவாதத்தில் பேச்சை இழந்த பெரியவர்கள். என் மேசையில் எப்போதும் ஒரு முகக்கண்ணாடி, ஒரு மெழுகுவத்தி, படம் ஒட்டிய அட்டைகள் இருக்கும். ‘ப’ சொன்னால் சுடர் அசைய வேண்டும். அசைந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

புதுமண்டபத்துப் புத்தகக் கடை ஒன்றில்தான் நாவலை வாங்கினேன். அதுவரை படம்தான் தெரியும். கல்லூரி விடுதியில் வாடகை வீடியோ காசெட்டில் பார்த்த 1931ஆம் ஆண்டுப் படம்: தட்டையான உச்சந்தலை, கழுத்தில் இரும்புக் குமிழ், உறுமல். அந்த நினைப்போடு நாவலைப் படித்துக்கொண்டு போனேன். பாதிவழியில், மோன் பிளாங்க் மலையின் பனியாற்றில், அந்தப் பிறவி தன்னைச் செய்தவன் எதிரே வந்து நின்று பேசத் தொடங்குகிறது. முழு முழு வாக்கியங்கள். வாதம், மன்றாட்டு, கோபம், கணக்குக் கேட்பது. 24 அத்தியாயங்கள் உள்ள 1831ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 முதல் 16 வரை ஆறு அத்தியாயங்கள் அந்தப் பிறவியின் வாய்மொழி. நான் புத்தகத்தை மூடிவிட்டு அட்டையை இன்னொரு முறை பார்த்தேன், வேறு புத்தகத்தை வாங்கி வந்துவிட்டேனோ என்று.

மேலே ‘தொடங்குகிறது’ என்று எழுதினேன். தமிழில் வினைமுற்று போடும்போதே திணையைச் சொல்லியாக வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது என்கிறோம். அதே குழந்தை வாய்திறந்து பேசத் தொடங்கியதும் ‘அவன் சொன்னான்’, ‘அவள் சொன்னாள்’ என்று மாறிவிடுகிறோம். பேச்சு வந்தால் அஃறிணை உயர்திணை ஆகிறது. அந்த ஆறு அத்தியாயங்களைப் படித்து முடித்த பிறகு என்னால் அவனை ‘அது’ என்று சொல்ல முடியவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் பேசக் கற்ற விதம் என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. செய்தவனே அஞ்சி ஓடிவிட, அவன் காட்டோரத்தில் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். பலகை இடுக்கு வழியாகக் குடிசைக்குள் பார்க்கிறான். கண் தெரியாத கிழவர் டி லேசி, மகன் ஃபீலிக்ஸ், மகள் அகாதா. அவர்கள் எழுப்பும் ஓசைக்குப் பொருள் உண்டு என்பது மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. அவன் முதலில் கற்ற சொற்கள் தீ, பால், ரொட்டி, விறகு. பிறகு அந்த வீட்டாரின் பெயர்கள். ‘நல்ல’, ‘பிரியமான’, ‘துயரமான’ போன்ற சொற்கள் காதில் விழுகின்றன. எதைக் குறிக்கின்றன என்று புரியவில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். கையில் பிடிக்க முடிந்ததன் பெயரும் கண்ணெதிரே நிற்கும் ஆளின் பெயரும் முதலில் வரும். ‘வருத்தமா இருக்கு’ என்பது எத்தனையோ மாதம் கழித்து வரும்.

இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது? 1816 ஜூன் மாதம், ஜெனீவா ஏரிக்கரையில் டியோடாட்டி மாளிகையில் இந்த நாவலுக்கு வித்திட்ட பேய்க்கதைப் பேச்சு நடந்தபோது மேரிக்கு 18 வயது. மகன் வில்லியம் ஐந்து மாதக் கைக்குழந்தை. 1817 வசந்தத்தில் நாவலை முடித்தபோது அந்தப் பிள்ளை ஒன்றேகால் வயதைத் தொட்டிருந்தான், முதல் சொற்கள் உதிரும் வயது. பக்கத்தில் தவழும் பிள்ளையைக் கவனித்துத்தான் அந்த அத்தியாயங்களை எழுதியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளை ‘பா’ என்றால் எதிரே ஒரு முகம் மலர்ந்து ‘பால் வேணுமா?’ என்று கேட்கும். இவனுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. இடுக்கு வழியாகக் கேட்டுக் கேட்டே கற்கிறான். சாஃபி என்ற அயல்நாட்டுப் பெண்ணுக்கு ஃபீலிக்ஸ் பாடம் சொல்லித்தர, இவனும் சுவருக்கு இந்தப் பக்கம் மாணவனாக உட்காருகிறான். காட்டில் கிடந்த தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள் கிடைக்கின்றன: மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’, புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு பகுதி, கெதேயின் ‘வெர்தர்’. எல்லாம் கற்ற பிறகு, வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கண் தெரியாத கிழவரிடம் போய்ப் பேசுகிறான். அவர் அமைதியாகக் கேட்கிறார். பிள்ளைகள் திரும்பி வந்து அவனைப் பார்த்த கணத்தில் எல்லாம் முடிகிறது. ஃபீலிக்ஸ் தடியால் அடிக்கிறான்.

பனியாற்றிலும் இதுதான். உன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று செய்தவன் சொல்ல, அவன் தன் கைகளால் அவனுடைய கண்களைப் பொத்துகிறான். பார்க்காதே, கேள் என்று அதற்குப் பொருள். அந்த நாவலின் நடு எலும்பு இந்தச் செய்கைதான் என்பேன். கண் அவனை விரட்டுகிறது; காது அவனை ஏற்கிறது. பேசத் தெரிந்ததால் அவன் நல்லவனாகிவிடவில்லை. செய்தவனின் தம்பியான சிறுவனைக் கொல்கிறான், அவனுடைய நண்பனைக் கொல்கிறான், மணமகளைக் கொல்கிறான். ஆனாலும் தன் வழக்கைத் தானே சொல்கிறான். தீர்ப்பு நம்முடையது.

இனி நாடகம். அன்றைய லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை இரண்டாம் சார்லஸ் காலத்துப் பட்டயத்தின் வழியாகப் பெரும்பாலும் டுரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்குகளின் கையில் இருந்தது. 1737ஆம் ஆண்டு உரிமச் சட்டம் அந்தப் பிடியை இறுக்கியது; 1843இல்தான் அது தளர்ந்தது. மற்ற அரங்குகள் பாட்டு, இசை, அபிநயம் ஆகியவற்றை நம்பிப் பிழைத்தன. பேசாமல் நடிக்கும் கலை அங்கே நன்றாக வளர்ந்தது. ‘மெலோடிராமா’ என்ற பெயரோடு 1802இல் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய தாமஸ் ஹோல்கிராஃப்டின் நாடகத்திலேயே வாய் பேச முடியாத ஒரு நல்லவன் உண்டு. அதன்பின் அப்படிப்பட்ட பாத்திரங்கள் மேடைக்கு வழக்கமாகிவிட்டன. குக் அந்தக் கலையில் பேர்போனவர். 1820இல் அதே அரங்கில் இரத்தக்காட்டேரியாக நடித்துப் பெயர் வாங்கியவர். ஆகவே பீக் தன் நாடகத்தில் மற்ற எல்லோரையும் பேசவும் பாடவும் வைத்து, பிறவியை மட்டும் பேசாமல் விட்டது பகையால் அல்ல. அந்த மேடையின் பழக்கம் அது. குக் வெளிர்நீல உடை அணிந்து முகம், கை, கால்களுக்கும் அதே நிறம் பூசி, கரிய முடியைத் தொங்கவிட்டு வந்தார்.

பிறகு ஆகஸ்ட் 29. மேரி ஷெல்லி இத்தாலியிலிருந்து லண்டன் திரும்பி நான்கு நாள். கணவரைக் கடலில் பறிகொடுத்து ஓராண்டு. மறுநாள் அவருக்கு 26 வயது நிறைகிறது. தந்தை வில்லியம் காட்வினுடன் அந்த நாடகத்தைப் பார்க்கப் போகிறார். நாவலை மேடையேற்ற ஆசிரியரின் அனுமதி தேவைப்படாத காலம். அதில் அவருக்குக் காசும் வராது. ஆனால் அவர் கோபப்படவில்லை. நோட்டீஸில் இருந்த கோடு அவருக்குப் பிடித்திருந்தது என்று நண்பர் லீ ஹண்ட்டுக்குக் கடிதம் எழுதினார். பெயரிட முடியாததற்கு அது பொருத்தமாக இருந்ததாக அவர் நினைத்தார். குக் நடித்த விதத்தில் இரண்டு இடங்களைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்: பிடிமானம் தேடித் தடுமாறுவது, காதில் விழும் ஓசையைக் கையால் பிடிக்கப் பார்ப்பது.

இந்த இரண்டாவது இடத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். மேடையில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. நீல மனிதன் ஒருவன் காற்றில் கை நீட்டி அந்த ஒலியைப் பிடிக்கப் பார்க்கிறான். பேச்சு வராத பிள்ளைக்கு முன்னால் நான் மணி அடித்தபோது அந்தப் பிள்ளையும் இதைத்தான் செய்தது. குக்கிடம் சொல் இல்லை, மொழி இருந்தது. அதனால்தான் மேரிக்குப் பிடித்தது என்று எனக்குப் படுகிறது.

1818 ஜனவரி 1 அன்று 500 பிரதிகளாக வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. நாடகத்தின் வெற்றியைப் பார்த்து 1823இல் காட்வின் கொண்டுவந்த பதிப்பில்தான் மேரியின் பெயர் முதலில் அச்சாயிற்று. நாடகம் ஆசிரியருக்குப் பெயரைக் கொடுத்தது. அவர் படைத்தவனின் பேச்சை எடுத்துக்கொண்டது.

1910இல் எடிசன் நிறுவனம் எடுத்த ஒரு ரீல் படத்தில் சார்லஸ் ஓகிள் பிறவியாக வந்தார். அது மௌனப்படம், யாரும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. அதில் அவனுக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை. 1931இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கியது பேசும்படம். டாக்டர் பேசுகிறார், காதலி பேசுகிறாள், ஊரார் கூச்சலிடுகிறார்கள், தீவட்டி சடசடக்கிறது. எல்லோருக்கும் குரல் வந்த காலத்தில் குரலில்லாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

அவனாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அப்போது அவருக்கு 43 வயது. சிறுவயதில் திக்குவாய். திக்கைப் பழகிப் பழகி அடக்கிக்கொண்டார். ‘ஸ’ சொல்லும்போது நாக்கு தட்டுவது மட்டும் கடைசிவரை போகவில்லை. இதைப் படித்த அன்று என் திக்குகிற பையன்களை நினைத்துக்கொண்டேன். பேச்சு வாயில் ஏன் சிக்கிக்கொள்கிறது என்று உடம்பால் அறிந்த ஒருவரிடம் இந்த வேடம் போயிருக்கிறது. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் பஞ்சும் பசையும் கொண்டு நெற்றியைக் கட்டினார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் போல ஆகும். கார்லாஃப் தன் பல்செட்டைக் கழற்றிக் கன்னத்தைக் குழியாக்கினார். கண் மிகவும் விழிப்பாகத் தெரிகிறது என்று இமைமேல் மெழுகு வைக்கச் சொன்னதும் அவர்தான். படத்தில் கூரைச் சன்னல் திறந்து முதல் வெளிச்சம் விழும்போது இரு கைகளையும் மேலே தூக்கி அதை அள்ளப் பார்ப்பார். 1823இல் குக் ஒலியைப் பிடிக்கப் பார்த்த அதே கை.

அந்தப் படத்தின் தொடக்க அட்டையில் பிறவியின் பாத்திரத்துக்கு எதிரே நடிகர் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி. 108 வருஷம் கழித்தும் அதே கோடிட்ட இடம், இந்த முறை எதிர்ப்பக்கத்தில். நாவலாசிரியரின் பெயரை ‘மிஸஸ் பெர்சி பி. ஷெல்லி’ என்று போட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரும் அந்த அட்டையில் இல்லை.

ஆனால் அந்தப் படம் செய்த பெரிய மாற்றம் வேறு. உதவியாள் ஃபிரிட்ஸ் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்து நல்ல மூளை இருந்த சீசாவைக் கைதவறி உடைத்துவிட்டு, கோளாறான மூளை என்று எழுதியிருந்த சீசாவைத் தூக்கிவருகிறான். நாவலில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. நாவலில் அவன் கொடியவனானதற்குக் காரணம் ஒருவரும் அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்காதது. படத்தில் காரணம் சீசாவுக்குள் போய்விட்டது. ஊருக்குப் பொறுப்பில்லை, செய்தவனுக்குப் பொறுப்பில்லை, மூளை சரியில்லை. பேச்சைப் பறித்ததைவிட இதைத்தான் நான் பெரிய அநியாயமாக நினைக்கிறேன். குக்கின் மௌனத்தில் தேடல் இருந்தது. இந்தச் சீசா அந்த மௌனத்துக்குக் குறைபாடு என்று பெயர் ஒட்டிவிட்டது.

அந்தச் சீசாவை நான் நேரில் சந்தித்திருக்கிறேன். பஞ்சாலை மேஸ்திரி ஒருவர், பெயர் வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விழுந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ‘போதும்’. பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், பேத்தியைக் கண்டாலும் போதும். ஒரு மருத்துவமனையில் அவருடைய கட்டிலுக்கு இருபுறமும் நின்று, அவர் இல்லாதது போலவே அவரைப் பற்றிப் பேசினார்கள். எத்தனை நாள் தாங்கும், வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்பது வரை. “அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்காது டீச்சர், மூளை போயிருச்சு” என்றார் மகள். நான் அவர் பக்கம் குனிந்து, “ஐயா, உங்க இடது கையால சன்னலைக் காட்டுங்க” என்றேன். காட்டினார். “உங்க மகளைக் காட்டுங்க.” காட்டினார். கண்ணில் தண்ணீர் இறங்கியது. அந்த அறையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருந்தது.

1861இல் பாரிஸுக்கு அருகே பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளியும் இப்படித்தான். இருபது வருஷத்துக்கு மேலாக ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் சொல்ல முடியாதவர், கேட்பது புரிந்தவர். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்துப் பேச்சுக்கு உரிய இடத்தைப் புரோக்கா காட்டினார். அந்த மூளை இன்றும் பாரிஸில் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கிறது. என் தொழிலே அங்கே தொடங்குகிறது. ஆனாலும் அந்தச் சாடி சொல்வது பேச்சு எங்கே உடைந்தது என்பதை மட்டும். உடைந்த பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பதைச் சாடி சொல்லாது.

1935இல் ஜேம்ஸ் வேல் ‘ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ எடுத்தபோது தவறு கொஞ்சம் சரியாயிற்று. காட்டில் தனியே வாழும் கண் தெரியாத துறவி வயலின் வாசிக்கிறார். இசை கேட்டு அவன் வருகிறான். துறவி அவனுக்கு ரொட்டியும் திராட்சை மதுவும் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொல் சொல்லித்தருகிறார். ரொட்டி. நல்லது. நண்பன். டி லேசியின் குடிசை 117 வருஷம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது. ஒன்று கூடுதலாக, இங்கே எதிரே பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். பிறவியைப் பேசவைப்பதைக் கார்லாஃப் விரும்பவில்லை. பேச முடியாத தவிப்புதான் அந்தப் பாத்திரத்தின் உயிர் என்பது அவர் எண்ணம். திக்கிப் பழகியவர் சொன்னதால் அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வயலின் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தோற்றது நல்லது என்றே நினைக்கிறேன்.

1939இல் வந்த அடுத்த படத்தில் காரணம் எதுவும் சொல்லாமல் பேச்சைத் திரும்பவும் பிடுங்கினார்கள். 1942இல் வந்த படத்தின் முடிவில் இகோர் என்பவனின் மூளையைப் பொருத்த, இகோரின் குரலில் பேசுகிறான். கூடவே பார்வை போய்விடுகிறது. 1943இல் ‘ஃபிராங்கன்ஸ்டைனும் ஓநாய் மனிதனும்’. இகோராக நடித்த பெலா லுகோசியே இப்போது பிறவி. கண் தெரியாதவனாக, பேசுகிறவனாக நடித்துப் படமும் எடுத்தாயிற்று. வெளியிடும் முன் அவர் பேசிய வசனம் அத்தனையும் வெட்டி எறிந்தார்கள். கண் தெரியாது என்ற செய்தியும் அதோடு போயிற்று. ஓரிடத்தில் உதடு அசைவது மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஒலியில்லாமல். கண் தெரியாததால் கை நீட்டித் தடவித் தடவி நடந்த நடை, காரணம் இழந்து வெறும் விறைப்பு நடையாகத் திரையில் நின்றது. இன்றைக்கும் பிள்ளைகள் பூதம் விளையாட்டில் இரு கைகளையும் நீட்டி விறைத்து நடக்கிறார்களே, அந்த நடை அதுதான். வழி தெரியாமல் தடவிய ஒருவனின் கையைத்தான் நாம் பயமுறுத்தும் கையாகப் படித்துவிட்டோம்.

மேரி ஷெல்லிக்குப் பின் வந்த செயற்கை மனிதர்களுக்கும் இதே விதிதானா என்று தேடினேன். 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் ஏறிய கரெல் சாபெக்கின் ‘ஆர். யு. ஆர்.’ நாடகத்திலிருந்துதான் ‘ரோபோ’ என்ற சொல் வந்தது. சொல்லைத் தந்தவர் கரெலின் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணைக்காரனுக்குச் செய்த கட்டாய உழைப்பு. நம் பழைய சொல்லில் வெட்டிவேலை. அவர்கள் தகரப் பொம்மைகள் இல்லை, சதையால் ஆனவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். ஆனால் ஏவிய வேலைக்குப் பதில் சொல்லத்தான் அவர்களுக்கு வாய். தங்களுக்காகப் பேசத் தொடங்கியபோது அது கலகமாக இருந்தது.

பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய ‘ஆண்ட்ராய்டுகள் மின்சார ஆடுகளைக் கனவு காணுமா?’ நாவலில் பேச்சே பொறியாகிவிடுகிறது. ஆண்ட்ராய்டா, மனிதனா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. கேள்வி கேட்பார்கள், பதிலை அல்ல, கண்ணும் கன்னமும் எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகின்றன என்பதைக் கருவி அளக்கும். அந்த நாவலில் ஓர் ஐயம் எழுப்பப்படுகிறது: உணர்ச்சி மழுங்கிப்போன மனநோயாளிகளுக்கு இதே சோதனையை வைத்தால் அவர்களும் ஆண்ட்ராய்டு என்று தேறிவிடுவார்கள், தேறினால் கொல்லப்படுவார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் நானும் சோதனைத்தாள் வைத்திருந்தேன். மதிப்பெண் போட்டேன். என் தாளில் தோற்றவர்களில் எத்தனை பேரைத் தாள்தான் தோற்கடித்தது?

அந்த நாவலில் லூபா லுஃப்ட் என்று ஓர் ஆண்ட்ராய்டு. சான் ஃபிரான்சிஸ்கோ ஆப்பராவில் மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ பாடுகிறவள். அவளைக் கொல்ல வந்த வேட்டைக்காரன் டெக்கார்டே அவள் குரலில் உருகிப்போகிறான். ஓவியக் காட்சியில் அவள் பார்த்து நின்ற மூங்க் ஓவியத்தின் படம் உள்ள புத்தகத்தைத் தன் காசில் வாங்கிக் கொடுக்கிறான். அவள் கொல்லப்பட்டபின் அந்தப் புத்தகத்தையும் எரித்துவிடுகிறான். 1982இல் ரிட்லி ஸ்காட் இதை ‘பிளேடு ரன்னர்’ என்று படமாக்கினார். அங்கே லூபா இல்லை. அவள் இடத்தில் ஸோரா, பாம்போடு ஆடும் நடனக்காரி. பாடகியின் குரலை எடுத்துவிட்டு உடலை வைத்துக்கொண்டார்கள். மேடை 1823இல் செய்ததைத் திரை 1982இலும் செய்தது. இந்த முறை ஒரு பெண்ணுக்கு.

ஆனால் அதே படம்தான் ஒரு கடனை அடைத்தது. நாவலின் ராய் பேட்டி ஆண்ட்ராய்டுகளின் தலைவன். எளிதில் சுடப்பட்டுச் சாகிறான். படத்தில் ரட்கர் ஹவர், மழையில், கூரைமேல், தன்னைக் கொல்ல வந்தவனைக் காப்பாற்றிவிட்டு, சாகும் முன் சில வரிகள் பேசுகிறார். எழுதித் தந்த வசனம் நீளமாக இருந்தது. ஹவர் படப்பிடிப்புக்கு முந்தைய இரவு அதை வெட்டிச் சுருக்கி, ஒரு வரியைத் தானே சேர்த்தார். எதிரே டெக்கார்ட் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான். இந்த முறை கேட்கிறவன் மனிதன். பனியாற்றில் அவன் கண்ணைப் பொத்திக் கேட்ட வரம் திரையில் கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று. டிக் அந்தப் படம் வெளிவருவதைப் பார்க்கவில்லை. 1982 மார்ச் 2 அன்று காலமானார். படம் ஜூன் 25 அன்று வந்தது.

2020 ஏப்ரல் கடைசி. ஊரடங்கு. என் பயிற்சி அறை பூட்டிக் கிடந்தது. லண்டன் தேசிய அரங்கம் 2011இல் நடத்திய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தை யூடியூபில் இலவசமாகப் போட்டார்கள். நிக் டியர் எழுதி டேனி பாயில் இயக்கியது. பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் ஒரு நாள் செய்தவன், மறுநாள் செய்யப்பட்டவன் என்று மாறி மாறி நடித்தது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் போட்டார்கள், இரண்டையும் பார்த்தேன். நாடகம் அவனிலிருந்துதான் தொடங்குகிறது. வெகுநேரம் சொல்லே இல்லை. ஓர் உடம்பு தரையில் துடிக்கிறது, உருள்கிறது, எழுகிறது, விழுகிறது, எழுகிறது. பிறகு குருட்டுக் கிழவர் சொல்லித்தர, பேச்சு வருகிறது, மில்டன் வருகிறது. மேரி ஷெல்லி கொடுத்த பேச்சும் குக் கொடுத்த மௌனமும் ஒரே மேடையில் கைகோத்தன. அந்த முதல் அசைவுகளுக்கு மில்லர் தன் இரண்டு வயது மகனைப் பார்த்துக் கற்றாராம். கம்பர்பேட்ச் பக்கவாதம் போன்றவற்றிலிருந்து மீண்டு வருகிறவர்களைப் பார்த்துக் கற்றாராம். என் அறைக்கு வந்த இரண்டு வகை மனிதர்களும் அந்த மேடையில் இருந்தார்கள்.

மேஸ்திரி கதையை முடிக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள், பயிற்சி எதுவும் ஏறாமல் இருவரும் சோர்ந்துபோயிருந்தோம். தெருவில் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாயில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஒலித்தது. அவருடைய இடது கை மேலெழுந்து காற்றில் நின்றது. பிறகு அவர் பாடினார். சொற்களோடு பாடினார், ஒரு பல்லவி முழுக்க. பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு வேறு பாதையில் தங்கியிருக்கும். இது எங்கள் தொழிலில் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மெட்டிலேயே ‘தண்ணி வேணும்’ என்று பழக்கினேன். அது வர ஆறு வாரம் ஆயிற்று. அதற்கு மேல் அதிகம் வரவில்லை. அதன்பிறகு கட்டிலுக்கு மேல் நின்று யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. குனிந்து அவரிடம் பேசினார்கள்.

‘தண்ணி வேணும்’ வராமலே போயிருந்தாலும் அவர்கள் குனிந்திருக்க வேண்டும். திணையைப் பேச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம் என்று மேலே எழுதினேன்; அந்த முடிச்சை நான் இப்போது நம்பவில்லை. ஓசையைப் பிடிக்க நீளும் கை போதும், ஒருவரை அவர் என்று சொல்ல.